ரிட்டயர் ஆகிறதுக்கு எவ்வளவு சேர்த்தா போதும்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க

கல்லடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிச்சு பதில் சொன்னா பெரிய உதவி.

எனக்கு 46 வயசு. மட்டக்களப்பு டவுன்ல ஒரு பிரைவேட் கம்பெனில 2009ல இருந்து ஸ்டோர்ஸ் பொறுப்பா வேலை செய்யிறன். சம்பளம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுற கணக்குக்கு 110,000. மனிசி வீட்டில இருந்து தையல் தைக்கிறா, மாசம் 15 ஆயிரம் அளவுல வரும், சில மாசம் வராது. ரெண்டு பொம்பிளைப் புள்ளைகள், மூத்தவளுக்கு 17, ஏஎல் எடுக்கப்போறா, சின்னவளுக்கு 12. இருக்கிற வீடு மனிசிட சீதன வீடு. லோன் ஒண்டும் இல்ல. மனிசிட பேர்ல படுவான்கரையில ரெண்டு ஏக்கர் வயல் இருக்கு, குத்தகைக்கு குடுத்திருக்கம், ரெண்டு போகமும் நல்லா விளைஞ்சா வருசத்துக்கு ஒரு லட்சம் கிடைக்கும்.

கையில இருக்கிறது ஈபிஎஃப் 31 லட்சம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 5 லட்சம், பேங்க்ல எஃப்டி (நிலையான வைப்பு) 14 லட்சம். மாசச் செலவு எல்லாம் சேர்த்து 95 ஆயிரம் வருது, அதுல கிளாஸ் காசும் புள்ளைகளிட மற்றச் செலவும் மட்டும் 25 ஆயிரம்.

போன கிழமை கம்பெனில எங்கட சுப்பவைசர் ஒருத்தர் 60 முடிஞ்சு போனாரு. பார்ட்டி வெச்சு மாலை போட்டு அனுப்பினம். மறுநாள் காலம எட்டு மணிக்கு அவரு கேட்டுக்கு வெளிய வந்து நிண்டாரு, சும்மா கதைக்க வந்தன் எண்டாரு. கதைச்சுக் கொண்டு போகக்குள்ள எங்கயாவது பகுதிநேர வேலை இருந்தா சொல்லு தம்பி, காசு காணாது எண்டு மெதுவா சொன்னாரு. அண்டைக்கு ராவு எனக்கு நித்திரையே வரல்ல.

ஒருத்தர் ஒரு கோடி இருந்தா போதும் எண்டுறார், இன்னொருத்தர் மூண்டு கோடியாவது வேணும் எண்டுறார், யூடியூப்ல ஒருத்தர் வருசச் செலவை 25ஆல பெருக்கு எண்டுறார். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. எங்கட ஊருல எங்கள மாதிரி வாழுற ஒரு குடும்பத்துக்கு உண்மையில எவ்வளவு வேணும்? இன்னொண்டு, மூத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்கணும், ஈபிஎஃப்ல 30 வீதம் எடுக்கலாம் எண்டு சொல்றாங்க, அதை எடுக்கலாமா?

முற்றத்து மாமரம்

தம்பி, நான் ஆரையம்பதி. 2018ல ஆசிரியராப் பென்சன் போனவன். பென்சன் வாற எனக்கே நாக்குத் தள்ளிச்சு, அதனால நீங்க 46லயே இதை யோசிக்கிறதுக்கு முதல்ல சந்தோசம்.

எவ்வளவு வேணும் எண்டு கேட்டா நான் கோடில சொல்ல மாட்டன். ஒரு கொப்பி வாங்கி ஒரு வருசம் செலவை எழுதுங்க. மாசக் கணக்கு காணாது, வருசமா எழுதணும். நான் பென்சன் போன முதல் வருசம் அப்பிடி எழுதினன். ரெண்டு பேருக்குச் சாப்பாடு, கரண்ட், தண்ணி, போன், ரெண்டு மாசத்துக்கு ஒரு கேஸ், இதெல்லாம் நினைச்ச அளவுலதான் வந்திச்சு. நினைக்காமக் கிடந்தது வேற செலவுகள். கல்யாணம், சாமத்திய வீடு, செத்த வீடு, முப்பத்தோராம் நாள், கோயில் சடங்கு. வாத்தியாரா இருந்தவன், படிப்பிச்ச புள்ளைகள் எல்லாம் கார்ட் கொண்டு வருவாங்க, போகாம இருக்கேலாது, வெறுங்கையோட போகவும் ஏலாது. வைகாசில அம்மன் சடங்கு, ஆடியில மாமாங்கத் தீர்த்தம், ஆவணியில கல்யாணம் எண்டு அந்த மூண்டு நாலு மாசத்துலயும் என்ட செலவு மற்ற மாசத்தை விட 20 ஆயிரம் கூட. வேலை விட்டாப் பிறகு பஸ் காசும் சட்டைத் துணியும் குறையும் எண்டு நினைச்சன், குறைஞ்சதுதான், ஆனா அதைப் போல ரெண்டு மடங்கு இதுக்குப் போயிட்டு.

மறுகா வீடு. கடற்கரைப் பக்கம் உப்புக் காத்து, கம்பி ஊதி கொங்கிறீட் வெடிக்கும், ஓட்டுக்கு அடியில மரம் உக்கும். பத்து வருசத்துக்கு ஒருக்கா ஒரு பெரிய தொகை வேணும்.

இப்ப 2022 கதை சொல்றன், இதை நீங்க மனசுல வெச்சுக்கொள்ளணும். பென்சன் போகக்குள்ள கிடைச்ச காசையும் சேமிப்பையும் சேர்த்து 20 லட்சம் எஃப்டி போட்டன். அப்ப 11 வீதம், மாசம் 18 ஆயிரம் வந்திச்சு. இது பென்சனுக்கு மேல, சோக்கா இருந்திச்சு. 2021ல புதுப்பிக்கப் போனா 6 வீதம் எண்டுறாங்க, 18 ஆயிரம் 10 ஆயிரமாப் போச்சு. அடுத்த வருசமே சாமான் விலை ஏறினது உங்களுக்குத் தெரியும், 2022 செப்டெம்பர்ல கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு அதை விடக் கூட. வட்டி பாதியாக் குறைஞ்ச நேரத்துல விலை ரெண்டு மடங்காச்சு. அந்த ஆறேழு மாசமும் நாங்க மீனைக் குறைச்சு, பால்மாவை நிப்பாட்டி, மனிசிட ஒரு காப்பை அடகு வெச்சம். போட்ட முதலுல கைவெச்சிடக் கூடாது எண்டு எஃப்டியைத் தொடாம இருந்தன், கடைசில அதையும் ஒரு லட்சம் உடைச்சன்.

வயசானவங்களுக்கு 15 லட்சம் வரைக்கும் 15 வீதம் எண்டு ஒரு விசேட வட்டி இருந்திச்சு, அதை நம்பித்தான் கனபேர் கணக்குப் போட்டாங்க, 2022ல அதையும் நிப்பாட்டினாங்க. பிறகு 2025 யூலையில இருந்து 60 தாண்டினவங்களுக்கு 10 லட்சம் வரைக்கும் சாதாரண வட்டிக்கு மேல 3 வீதம் எண்டு திரும்பத் தொடங்கினாங்க. நல்லதுதான், கிடைக்கக்குள்ள எடுங்க, ஆனா 14 வருசத்துக்குப் பிறகும் இருக்கும் எண்டு கணக்குல சேர்க்காதீங்க.

இன்னொண்டு தம்பி. கூட வட்டி எண்டு சொல்லி வாற நிதிக் கம்பெனிகளுக்குக் காசைக் கொண்டு போகாதீங்க. என்னோட படிப்பிச்ச ஒருத்தர் வேலை விடக்குள்ள மொத்தமாக் கிடைச்ச பணிக்கொடைக் காசு முழுக்க அப்பிடி ஒரு இடத்துல போட்டு, அது மூடினாப் பிறகு அஞ்சு வருசம் அலைஞ்சு பாதிதான் எடுத்தாரு. மத்திய வங்கிட வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்துல 11 லட்சம் வரைக்கும்தான். அதுக்கு மேல இருந்தா பிரிச்சுப் போடுங்க.

கணக்குப்புள்ள

ஐயா சொன்ன கொப்பிக் கணக்குதான் அடித்தளம். அதுக்கு மேல நான் இலக்கம் போட்டுக் காட்டுறன் அண்ணன்.

முதல்ல அந்த 25 மடங்கு எங்கயிருந்து வந்தது எண்டு சொல்றன். 1994ல வில்லியம் பெங்கன் எண்ட அமெரிக்கர் ஒருத்தர் அந்த நாட்டுப் பங்குச் சந்தை, கடன் பத்திரம் ரெண்டினதும் 1926ல இருந்துள்ள கணக்கை எடுத்து, ஓய்வு எடுக்கிற ஆள் முதல் வருசம் சேமிப்புல 4 வீதம் எடுத்து, பிறகு வருசா வருசம் விலைவாசிக்கு ஏத்த மாதிரிக் கூட்டி எடுத்தா காசு 30 வருசம் தாங்குமா எண்டு பார்த்தாரு. தாங்கும் எண்டு வந்திச்சு. 4 வீதம் எண்டா 25 மடங்கு. ஆனா அது அமெரிக்கக் காசு, அமெரிக்கப் பங்கு, அங்க 69.8 வீதம் எண்டு ஒரு வருசம் வந்ததில்ல. அதனால அந்தக் காரணத்துக்காக நான் 25ஐ எடுக்க மாட்டன். நான் வேற வழியால வாறன், தற்செயலா அதே 25 வரும்.

இங்க எஃப்டி வட்டி இப்ப 8 வீதம் போல எண்டு வெச்சுக்கொள்ளுங்க. மத்திய வங்கிட பணவீக்க இலக்கு 5 வீதம், நான் பாதுகாப்புக்கு 6 எண்டு எடுக்கிறன். நல்ல வருசம், கெட்ட வருசம் எல்லாம் சேர்த்துப் பார்த்தா எஃப்டி காசு விலைவாசியோட சேர்ந்து ஓடும், அதை முந்தாது, அவ்வளவுதான். அப்பிடி எண்டா 60ல இருந்து 85 வரைக்கும் 25 வருசச் செலவு கையில இருக்கணும். சின்னக் கணக்கு.

இப்ப உங்கட கணக்கு. எல்லாத்தையும் இண்டைய காசுல போடுறன், அப்பதான் தலை சுத்தாது. 95ல புள்ளைகளிட 25 போனா 70 ஆயிரம். வருசத்துக்கு 8 லட்சத்து 40 ஆயிரம். வயல் குத்தகை 1 லட்சம் கழிச்சா 7 லட்சத்து 40 ஆயிரம். 25 மடங்கு 1 கோடி 85 லட்சம்.

பயப்படாதீங்க, உங்களிட்ட என்ன சேரும் எண்டும் பார்ப்பம். ஈபிஎஃப்ல உங்கட 8 வீதம், கம்பெனிட 12 வீதம், மாசம் 22 ஆயிரம் விழுது. ஈபிஎஃப் வட்டி 2023ல 13 வீதம், 2024ல 11 வீதம் குடுத்தாங்க, அதை நம்பாம 9 எண்டு எடுப்பம், 2023ல அரசாங்கம் தன்ட கடனை மறுசீரமைப்பு செய்யக்குள்ள குறைஞ்சது 9 குடுக்கிறம் எண்டுதான் சொன்னாங்க. 9ல 6 போனா உண்மையான வளர்ச்சி 3 வீதம். 31 லட்சம் 14 வருசத்துல 47 லட்சம் மாதிரி ஆகும், புதுசாப் போடுறது 45 லட்சம், ரெண்டும் 92. எஃப்டி 14 அப்பிடியே நிக்கும். ஈடிஎஃப் பத்தரை. பணிக்கொடை 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வருச வேலைக்கும் அரை மாசச் சம்பளம், 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற கம்பெனி எண்டா கட்டாயம் குடுக்கணும், 30 வருசத்துக்கு 55 ஆயிரம் படி பதினாறரை லட்சம். எல்லாம் கூட்டினா 1 கோடி 33 லட்சம்.

இடைவெளி 52 லட்சம். எஃப்டிக்குப் பதிலா ஒரு பகுதியை அரசாங்கம் கடன் வாங்க விக்கிற பத்திரங்களான திறைசேரி உண்டியல், பிணைமுறில வெச்சு, வட்டி நல்லா இருக்கிற நேரம் நீண்ட காலத்துக்குப் பூட்டி, விலைவாசியை விட ஒரே ஒரு வீதம் கூட எடுத்தீங்க எண்டா 25 மடங்கு 22 மடங்காக் குறையும், தேவை 1 கோடி 63 லட்சம், இடைவெளி 30 லட்சம். 168 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 18 ஆயிரம். ஏலாத கணக்கு இல்ல.

ஒரு விசயம் மனசுல வெச்சுக்கொள்ளுங்க, மாசச் செலவுல 5 ஆயிரம் கூடினா இல்ல குறைஞ்சா தேவைப்படுற மொத்தத் தொகை 15 லட்சம் மாறும். அதனால ஒரு கோடியா ரெண்டு கோடியா எண்டு அடுத்தவரிட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்ல.

வரி பற்றிப் பயப்பட வேணாம். வட்டிக்குப் பிடிக்கிற வரி 2025 ஏப்ரல்ல இருந்து 10 வீதம், ஆனா வருச வருமானம் எல்லாம் சேர்த்து 18 லட்சத்துக்குக் கீழ எண்டா பேங்குக்குப் பிரகடனப் படிவம் குடுத்தா பிடிக்க மாட்டாங்க. கனபேர் அதைக் குடுக்காம சும்மா இழக்கிறாங்க.

30 வீதம் எடுக்கிறது பற்றி: சட்டப்படி ஏலும், வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் குடுக்கிறாங்க. உங்களுக்கு 9 லட்சத்து 30 ஆயிரம் வரும். ஆனா அது 60ல இண்டைய காசுக்கு 14 லட்சம் நட்டம். இடைவெளி 30 இருந்தது 44 ஆகும். முடிவு உங்கட கையில.

சம்மாந்துறை நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நல்ல கதை ஒண்டு ஓடுது, நானும் ரெண்டு சொல் சொல்றன்.

எங்கட ஆக்கள்ள கனபேருக்கு இந்த எஃப்டி வட்டிக் கணக்கு சரிவராது, நாங்க வட்டி எடுக்கிறல்ல. முழாறபா அடிப்படையில இஸ்லாமிய வங்கில போடலாம், லாபத்துல பங்கு தாறாங்க, ஆனா அது கூடிக் குறையும், நிச்சயமா இவ்வளவு எண்டு சொல்ல மாட்டாங்க. அதோட காசு ஒரு வருசம் நிஸாபுக்கு (ஸகாத் கடமையாகிற குறைஞ்ச அளவு) மேல கையில கிடந்தா ரெண்டரை வீதம் ஸகாத் குடுக்கணும், அது கடமை, சந்தோசமாக் குடுக்கிறம். ஆனா ஓய்வுக் கணக்குப் போடக்கொள அதையும் எழுதணும். ஒரு கோடி காசா வெச்சிரிந்தா வருசத்துக்கு ரெண்டரை லட்சம் அதுலயே போகும். அதனாலதான் எங்கட வாப்பாமாரு காசா வெச்சிரிக்காம வயலும் கடையும் வளவுமா வாங்கிப் போட்டாங்க, வாடகைக்குக் குடுக்கிற கட்டிடத்துட பெறுமதிக்கு ஸகாத் இல்ல, சேர்ந்து மிஞ்சுற வாடகைக்குத்தான்.

நான் சவூதில 18 வருசம் இரிந்தன். ஈபிஎஃப் இல்ல, பென்சன் இல்ல, ஒண்டும் இல்ல. வரக்கொள கொண்டு வந்த காசுல ரெண்டு கடை அறை கட்டி வாடகைக்குக் குடுத்தன். இப்ப எனக்கு 58. வாடகைட நல்ல குணம் என்னெண்டா விலைவாசி ஏறக்கொள அதுவும் ஏறும், 2021ல ஐயாட வட்டி குறைஞ்சிச்சு, நான் 2023ல புது ஒப்பந்தத்துல வாடகையக் கூட்டினன். கெட்ட குணமும் இரிக்கி. கொரோனா நேரம் ஏழு மாசம் ஒரு கடை பூட்டிக் கிடந்திச்சு, ஒரு சதமும் வரல்ல. அதனால வருசத்துக்குப் பன்னெண்டு மாச வாடகை எண்டு எழுதாதீங்க, பத்து எண்டு எழுதுங்க.

வயலும் அப்பிடித்தான் தம்பி. நீங்க ஒரு லட்சம் எண்டு போட்டிரிக்கீங்க. 2021ல ரசாயன உரத்தை நிப்பாட்டின மாரிப் போகம் எங்கட வட்டையில விளைச்சல் பாதி கூட இல்ல, குத்தகைக்காரன் வந்து அழுதான், நான் அரைவாசியை விட்டுக்குடுத்தன், மனுசனிட்ட எப்பிடிக் கேக்கிற? வெள்ளம் வந்தாலும் அதே கதை. பத்து வருசத்துல ரெண்டு போகம் போகும் எண்டு வெச்சுக்கொள்ளுங்க. ஆனா வயலை வித்துப் போடாதீங்க. காசு கரையும், வயல் கிடக்கும். சாப்பிடுற நெல்லாவது வீட்டுக்கு வரும்.

சுயமாத் தொழில் செய்யிற ஆக்கள் இதை வாசிச்சா, சமூகப் பாதுகாப்புச் சபைட ஓய்வூதியத் திட்டம் ஒண்டு இரிக்கி, பிரதேச செயலகத்துல கேட்டுப் பாருங்க. உங்கட மனிசி தைக்கிறா எண்டீங்க, அவவுக்கும் பொருந்தும்.

தம்பிலுவில் மகள்

நான் இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறதில்ல. ஆனா அண்ணா கேட்ட கடைசிக் கேள்விக்கு ஒருத்தரும் முழுசாப் பதில் சொல்லல்ல, அதனால எழுதுறன்.

எங்கட அப்பா 28 வருசம் ஒரு கம்பெனில வேலை. 55ல ஈபிஎஃப் எடுத்தாரு. அந்தக் காசுல எனக்கு வீடு கட்டினாரு. மூண்டு அறை, முன்னுக்கு விறாந்தை, டைல்ஸ் எல்லாம் பதிச்சு, ஊரே பார்த்திச்சு. கல்யாணம் நடந்திச்சு. நாலு வருசத்துல தங்கச்சிக்கு, அதுக்கு அம்மாட நகையும் மிச்சக் காசும் லோனும். எங்கட பக்கத்துல இது எப்பிடி எண்டு எல்லாருக்கும் தெரியும், பொம்பிளைப் புள்ளைக்கு வீடு குடுக்காம கல்யாணம் பேச ஏலாது, அம்மா அப்பா இருந்த வீட்டைக் குடுத்திட்டு அவங்க பின்னால ஒரு சின்ன வீட்டைப் போட்டுக் கொண்டு போவாங்க, அதை ஒருத்தரும் தியாகம் எண்டு சொல்றதும் இல்ல, அது வழமை.

அப்பாக்கு இப்ப 67. என்னோடதான் இருக்காரு. நானும் இவரும் மாசம் 15 ஆயிரம் அவர்ட கையில குடுக்கிறம், மருந்து வேற, சுகருக்கும் பிரசருக்கும் ஆஸ்பத்திரி கிளினிக்ல குளிசை சும்மா தாறாங்க, ஆனா கண்ணுக்கும் மூட்டுக்கும் காசு கட்டி ஸ்பெசலிஸ்ட் டொக்டரைச் சனல் பண்ணித்தான் காட்டுறம். குறை வெக்கல்ல. ஆனா போன மாசம் அவர்ட கூட்டாளிட செத்த வீட்டுக்குக் கல்முனைக்குப் போகணும். விடிய எழும்பி சேட் போட்டு விறாந்தைல இருந்தாரு, போகல்ல. பத்து மணிக்கு நான் ஏன் போகல்ல அப்பா எண்டு கேட்டன். பஸ்ஸுக்கு காசு இல்ல எண்டு சொல்லல்ல, வெயில் கூட எண்டாரு. அவர்ட பேர்ஸை நான் பிறகு பார்த்தன், 60 ரூபா இருந்திச்சு. மாசக் கடைசி. என்னட்டக் கேக்க அவருக்கு வாய் வரல்ல. அவர்ட காசுல கட்டின வீட்டு விறாந்தைல இருந்துகொண்டு, அண்ணா.

நான் வீடு கட்டாதீங்க எண்டு சொல்லல்ல. எனக்கு அந்த வீடு இல்லாட்டி என்ன ஆகியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஆனா எங்கட ஆக்கள் ஓய்வுக்கு எவ்வளவு வேணும் எண்டு கணக்குப் போடக்குள்ள, மேல கணக்குப் போட்ட தம்பி மாதிரி, புள்ளைட வீட்டை வெளியில விட்டுட்டுப் போடுறாங்க, பிறகு வீடு வரக்குள்ள அதே காசுலதான் கை வெக்கிறாங்க. அது ரெண்டும் ஒரே பை. முதல்ல வீட்டுக்கு எவ்வளவு எண்டு தனியா எழுதுங்க, ரெண்டு புள்ளைக்கும்.

நான் இப்ப செய்யச் சொல்றது ரெண்டு விசயம். ஒண்டு, ஈபிஎஃப்பைத் தொடாதீங்க, வீட்டைச் சின்னனாக் கட்டுங்க, ஒரு அறை, குசினி, பாத்ரூம், அத்திவாரத்தை மட்டும் பெரிசாப் போடுங்க, மிச்சத்தை அவளும் வாறவரும் கட்டட்டும். ரெண்டு, மகள்ட பேர்ல நன்கொடை உறுதி எழுதக்குள்ள உங்களுக்கும் உங்கட மனிசிக்கும் சீவிய உரித்து வெச்சு எழுதுங்க. வீடு அவளுக்குத்தான், ஆனா நீங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற வரைக்கும் அதுல இருக்கிற உரிமை உங்களுக்கு. நொத்தாரிசுக்கு இது தெரியும், கேட்டா எழுதுவாரு, நீங்க கேக்கணும்.

இன்னும் ஒண்டு. ஈபிஎஃப்ல பின்னுரித்தாளி, அதாவது உங்களுக்குப் பிறகு காசு சேரவேண்டிய ஆள் எண்டு ஆரு பேரு குடுத்திருக்கீங்க எண்டு பாருங்க. வேலைக்குச் சேரக்குள்ள அம்மா பேரைக் குடுத்திட்டு மாத்தாம விட்ட ஆக்கள் கனபேர். உங்கட மனிசிக்குப் பென்சன் இல்ல, நீங்க முந்திப் போனா அவ 20 வருசம் தனிய இருக்கணும், அதையும் கணக்குல எடுங்க.

கணக்குப்புள்ள

அக்கா சொன்னது சரி. நான் வீட்டை விட்டுட்டுத்தான் போட்டன், அது பிழை. 85 வரைக்கும் எண்டு எடுத்ததும் அண்ணனை மட்டும் நினைச்சுத்தான், அண்ணி வயசு குறைவு எண்டா அவவுக்கு 85 வரும் வரைக்கும் எடுக்கணும்.

கல்லடிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மூண்டு நாளா இதைத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சன், மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். தம்பிலுவில் தங்கச்சி எழுதினதை வாசிக்கக்குள்ள அவ எழும்பி உள்ள போயிட்டா, அவட அப்பாவும் கடைசி காலத்துல எங்களோடதான் இருந்தவரு, இந்த வீடு அவரு கட்டினதுதான். அவரும் எங்களிட்ட ஒண்டும் கேட்டதில்ல. கேக்காததை நாங்க நல்ல குணம் எண்டு நினைச்சம்.

நேத்து ராவு ரெண்டு பேரும் இருந்து புதுசா எழுதினம். மனிசி என்னை விட ஆறு வயசு குறைவு, அதனால 25க்குப் பதிலா 31 வருசம், கடைசி ஆறு வருசம் ஒரு ஆளுக்குத்தானே எண்டு அதுக்கு மாசம் 45 ஆயிரம் போட்டம். வயலை ஒரு லட்சத்துக்குப் பதிலா 80 ஆயிரம் எண்டு போட்டம், நானா சொன்ன மாதிரி. கொண்டாட்டச் செலவு தனி வரி. ஐயா சொன்ன வீட்டுத் திருத்தம் பத்து வருசத்துக்கு ஒருக்கா எண்டு ஒரு தொகை. மொத்தம் ரெண்டு கோடியத் தாண்டுது. முதல் நாள் எண்டா பயந்திருப்பன், இப்ப எது எங்க போகுது எண்டு தெரியிறதால பயம் இல்ல, வேலைதான் இருக்கு.

ஈபிஎஃப் 30 வீதம் எடுக்கிற கதையை விட்டுட்டம். எங்கட வளவு 22 பேர்ச், பின்னுக்கு இடம் இருக்கு, மூத்தவளுக்கு அதுல தங்கச்சி சொன்ன மாதிரி சின்னனாத் தொடங்கி, சின்னவளுக்கு இருக்கிற வீடு எண்டு கதைச்சம். மூத்தவள் நான் படிச்சு வேலை எடுத்துட்டு நானும் போடுறன் அப்பா எண்டு சொல்றா, அவ சொல்றதுக்கு நான் இப்ப பதில் சொல்லல்ல. மனிசி பிரதேச செயலகத்துக்குத் திங்கக்கிழமை போறா. நான் ஈபிஎஃப் பேப்பரைப் பார்த்தன், செத்துப்போன எங்கட அம்மாட பேருதான் இன்னும் கிடக்கு.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். தங்கச்சி, சீவிய உரித்து வெச்சு எழுதினா மாப்பிள்ளை வீட்டார் கதைப்பாங்களே. எங்கள நம்பல்லயா எண்டு கேட்டா என்ன சொல்ற?

தம்பிலுவில் மகள்

கதைப்பாங்க அண்ணா. தங்கச்சிட கல்யாணத்துல நான்தான் அதைச் சொன்னன், மாமி முகத்தைத் திருப்பினா. நான் மாமிட்ட ஒண்டுதான் கேட்டன், நீங்க உங்கட மகளுக்கு வீடு குடுத்தீங்கதானே, இப்ப உங்கட பேர்ல என்ன கிடக்கு எண்டு. அவ கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல. பிறகு அவதான் தங்கச்சிட நொத்தாரிசுக்கு எங்களோட வந்தா, வந்து அவட மகள்ட உறுதியையும் திருத்தி எழுத ஏலுமா எண்டு கேட்டா. ஏலும், மகள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டா எண்டு நொத்தாரிசு சொன்னாரு.

புள்ளைக்குக் கல்யாணப் பேச்சு வாறதுக்கு முதல்லயே எழுதிப் போடுங்க அண்ணா. வீடு அவ பேருக்கு வரக்குள்ளயே அப்பிடித்தான் வந்தது எண்டா, பிறகு வாறவங்களிட்ட விளக்கம் சொல்ல வேண்டிய தேவை குறைவு.

முற்றத்து மாமரம்

தம்பி, நீங்க எழுதின கொப்பியைப் படம் பிடிச்சு அனுப்பினா நான் வரி வரியாப் பார்த்துச் சொல்றன். மருத்துவச் செலவுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க எண்டு நீங்க இங்க எழுதல்ல. 70க்குப் பிறகு அது வேற கணக்கு, நான் என்ட மூண்டு வருசக் கொப்பியைத் தாறன், அதைப் பார்த்துப் போடுங்க.